என்எஸ்எக்ஸா, 348-ஆ? ஒரே வருடத்தில் வந்த இரண்டு கார்கள்

நாலாவது கியர்

வணக்கம். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மச்சான் வெகுநாளாகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறான். சுற்றிச் சுற்றி இரண்டில் வந்து நிற்கிறான். ஒன்று 1991 ஹோண்டா என்எஸ்எக்ஸ், அங்கே ஆக்யூரா பெயரில் விற்றது. இன்னொன்று 1991 ஃபெராரி 348 டிஎஸ், கூரையைக் கழற்றி வைக்கிற மாடல். இரண்டும் சிவப்பு. இரண்டிலும் கியர் கையால்தான். தினம் ராத்திரி போனில் இதே பேச்சு. என் பங்குக்கு நானும் படித்துப் படித்துத் தலை சூடாகிவிட்டது, அதனால் இந்த கார் மன்றத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இரண்டும் உலகத்துக்கு முகம் காட்டியது 1989-இல். என்எஸ்எக்ஸ் பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில், 348 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில். இரண்டுக்கும் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், இரண்டிலும் இரண்டே சீட். ஹோண்டாவில் 3 லிட்டர் வி6, அமெரிக்கக் கணக்கில் 270 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம் வரை சுற்றும். ஃபெராரியில் 3.4 லிட்டர் வி8, ஏறத்தாழ 300. உச்ச வேகம் இரண்டுக்கும் மணிக்கு 270 கிலோமீட்டரை ஒட்டித்தான். நேர்கோட்டு ஓட்டத்தில் ஒன்றை ஒன்று பெரிதாக விட்டுவிடாது.

என் ஓட்டு என்எஸ்எக்ஸுக்கு. புதிதாக வந்தபோது அமெரிக்காவில் அது ஏறத்தாழ 60 ஆயிரம் டாலர், 348 ஒரு லட்சத்தை ஒட்டி. கிட்டத்தட்ட பாதி விலையில் அதே வேகம், கூடவே ஹோண்டாவின் நம்பகத்தன்மை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மச்சான் மனசு மட்டும் 348 பக்கம் சாய்கிறது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பாயும் குதிரை

சொல்லத் தெரியாவிட்டாலும் உங்கள் மச்சானிடம் காரணம் இருக்கிறது. நீங்கள் இரண்டு காரையும் காகிதத்தில் பார்க்கிறீர்கள், அவர் உள்ளே உட்கார்ந்து பார்த்திருப்பார்.

348-இன் பெயரிலேயே பாதிக் கதை இருக்கிறது. 3.4 லிட்டர், 8 சிலிண்டர். கூரை மூடிய மாடல் டிபி, அதில் வரும் 'டி' என்றால் குறுக்கே என்று அர்த்தம். குறுக்கே இருப்பது இன்ஜின் அல்ல, கியர்பாக்ஸ். அதற்கு முந்தைய 328-இல் இன்ஜினே குறுக்கேதான் உட்கார்ந்திருந்தது. 348-இல் அதை நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸைப் பின்னால் குறுக்காகப் போட்டு, ஆயிலுக்குத் தனித் தொட்டி வைத்தார்கள். அதனால் இன்ஜின் நன்றாகக் கீழே இறங்கியது. ஃபெராரியின் ஃபார்முலா ஒன் கார்களில் 1970-களிலேயே இருந்த வழிதான் அது. பந்தயப் பட்டறையில் தெரிந்துகொண்டதைச் சாலைக்கு இறக்குவது ஃபெராரியின் ஊரான மரனெல்லோவின் பழக்கம். வசதி, வெளிப்பார்வை, சர்வீஸ் எல்லாம் அப்புறம்தான்.

அந்த வருடங்களையும் நினைத்துப் பாருங்கள். 1988 ஃபார்முலா ஒன் பருவத்தில் 16 பந்தயம். மெக்லாரன் - ஹோண்டா 15-இல் ஜெயித்தது. விட்டது ஒன்றே ஒன்று, இத்தாலியில் மோன்ஸா. அங்கே ஜெயித்தது ஃபெராரி, ஓட்டியவர் கெர்ஹார்ட் பெர்கர். நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. 348 அவர் காலத்தில் உருவாகத் தொடங்கி, அவர் போன பிறகு வெளியே வந்த கார். அதை வெறும் விலைப்பட்டியலோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, அந்த கியர். உலோகத் தகட்டில் வெட்டிய பாதைகளுக்குள் கம்பி நகரும். முதல் கியர் இடப்பக்கம் கீழே, இரண்டாவது அதற்கு மேலே வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் கம்பி தகட்டில் தட்டி 'டக்' என்று ஓசை வரும். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது இரண்டாவது கியர் விழாது. கியர் ஆயில் சூடாகும்வரை முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவ வேண்டும். பழகியவர்கள் அதற்காகக் கோபப்பட மாட்டார்கள்.

எண்கணக்கு

எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்எஸ்எக்ஸ் ஏறத்தாழ 1,370 கிலோ. 348-க்கு நிறுவனம் சொல்லும் 1,393 கிலோ, எண்ணெய் தண்ணீர் ஊற்றாத கணக்கு. சாலையில் ஓடும் நிலையில் வித்தியாசம் இன்னும் கூடும். குதிரைத்திறனில் இருக்கும் இடைவெளி அங்கேயே பெருமளவு சமமாகிவிடுகிறது.

பட்டறைக்காரர்

தம்பி, நான் வளைகுடாவில் 22 வருடம் இந்த மாதிரி வண்டிகளில் கை வைத்தவன். இப்போது ஊரில் இருக்கிறேன். இரண்டையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

348-இன் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை, இன்ஜினின் முன்பக்கத்தில் இருக்கிறது. அந்த முன்பக்கம் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி நிற்கிறது. நடுவில் கை போகாது. அதனால் பெல்ட் மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். கேட்கிறவர்கள் இன்ஜினை மேலே தூக்கி எடுப்பதாக நினைப்பார்கள். நடப்பது நேர்மாறாக. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே இரும்புக் குழாய்ச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, பெட்ரோல் பைப், ஏசி பைப், பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், வயர் கனெக்டர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டத்துக்கு அடியில் ஒரு சக்கர மேசையைக் கொடுத்து, போல்ட்டுகளை எடுத்துவிட்டு வண்டியின் உடம்பை லிஃப்டில் மேலே ஏற்றுவோம். வண்டி மேலே போகும், இன்ஜின் மேசையில் நிற்கும். முதல் தடவை பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். சிவப்பு உடம்பு தலைக்கு மேல், கீழே சக்கரங்களோடு ஒரு முழு இன்ஜின்.

நான் வேலை கற்ற இடத்தில் ஒரு வயதானவர் இருந்தார். கழற்றும் ஒவ்வொரு கனெக்டருக்கும் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதுவார். பேனா காய்ந்தால் வேலையை நிறுத்திவிட்டு வேறு பேனா தேடப் போவார், ஞாபகத்தில் இருக்கிறது என்று ஒரு நாளும் விட்டதில்லை. அந்தப் பொறுமை உள்ளவர் கையில்தான் 348 கொடுக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் போய்விடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்த வேலை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். ஓட்டவே இல்லை, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

என்எஸ்எக்ஸில் இன்ஜின் குறுக்கே கிடக்கிறது. பெல்ட் பக்கவாட்டில், இன்ஜினை இறக்காமலே மாற்றலாம். இடம் நெருக்கம்தான், விரல் முட்டி உரியும். ஆனால் வண்டி தன் இடத்திலேயே நிற்கும். ஆறு வருடத்துக்கு ஒருமுறை போதும். பெல்ட் மாற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது வழக்கம், அதைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்.

செலவு மட்டும் பார்க்கிறவருக்கு முடிவு இதிலேயே கிடைத்துவிடும். ஆனால் 348-ஐ மோசமான வண்டி என்று யாராவது சொன்னால் ஒப்ப மாட்டேன். இறக்கிய இன்ஜினை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள், வார்ப்பு வேலை அவ்வளவு நேர்த்தி.

வெள்ளிக்கம்பி

நான் ஜப்பானில், தோச்சிகி மாவட்டத்தில், அலுமினியம் வெல்டிங் துறையில் வேலை பார்க்கிறேன். என்எஸ்எக்ஸ் பிறந்த தகனெசாவா இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. யாரும் இன்னும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வந்தேன். என்எஸ்எக்ஸின் நிஜமான சாதனை வேகமோ விலையோ இல்லை, அதன் உடம்பு. முழுக்க அலுமினியத்தில் மோனோகாக் (உடம்பே பாரம் தாங்கும் சட்டமாகவும் இருக்கும் அமைப்பு) செய்து, வரிசை உற்பத்திக்கு வந்த முதல் கார் அது. அந்த நாளில் 348-இன் உடம்பு எஃகு.

அலுமினியம் இலேசு, அது எல்லாருக்கும் தெரியும். அதை ஒட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது தொட்டவர்களுக்குத்தான் தெரியும். எஃகுத் தகட்டை ஸ்பாட் வெல்டிங் செய்யும்போது மின்சாரம் அந்தப் புள்ளியிலேயே சூடாகி உருக்கும். அலுமினியம் மின்சாரத்தையும் சூட்டையும் விறுவிறுவென்று கடத்திவிடும், புள்ளியில் சூடு நிற்காது. அதனால் பல மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும். போதாததற்கு மேலே ஆக்சைடு படலம் வேறு. வெல்டிங் முனையில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். அழுத்தி வடிவம் கொடுக்கும்போது எஃகைவிட எளிதில் கிழியும். இவ்வளவையும் 1990-இல் விற்பனைக்கு வந்த ஒரு காருக்காகச் சமாளித்திருக்கிறார்கள். அதற்கென்றே தகனெசாவாவில் தனி ஆலை, 200 பேர் அளவில் அனுபவமுள்ள ஊழியர்கள். கை வேலை என்றாலே இத்தாலி என்று நினைக்கிறோம். என்எஸ்எக்ஸும் பெரும்பகுதி கையால் செய்த கார்தான்.

ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்ட்டன் செனாவின் கதை பாதிதான் எல்லாருக்கும் தெரியும். 1989 பிப்ரவரியில் அவர் ஜப்பானின் சுசுகா பந்தயத் தடத்துக்கு மெக்லாரன் - ஹோண்டாவைச் சோதிக்க வந்திருந்தார். அங்கே என்எஸ்எக்ஸ் முன்மாதிரியை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டிவிட்டு, சேசிஸில் விறைப்பு போதவில்லை, கொஞ்சம் தளர்வாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். கார் ஏறக்குறைய முடிந்த நிலையில் இருந்தது. ஷிகெரு உவேஹாரா தலைமையில் இருந்த குழு அதை மறுத்துப் பேசவில்லை. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் மாதக்கணக்கில் தங்கி, ஓட்டுவது, வளையும் இடத்தைக் கண்டுபிடிப்பது, வலுப்படுத்துவது, மறுபடி ஓட்டுவது என்று போய், விறைப்பை ஏறத்தாழ 50 விழுக்காடு கூட்டினார்கள். அலுமினிய உடம்பில் இதைச் செய்வது எஃகில் ஒரு பட்டை வைத்து ஒட்டுவது போல இல்லை. எங்கே கனம் கூட்டினாலும் அலுமினியத்தால் மிச்சம் பிடித்த எடை திரும்ப ஏறிவிடும். எங்கே தேவையோ அங்கே மட்டும், தேவையான அளவு மட்டும். என் வேலையில் ஒரு மூலையில் இரண்டு கிலோ குறைக்க மூன்று மாதம் பேசுகிறோம். அதனால்தான் இந்தக் கதை எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

பாயும் குதிரை

வெள்ளிக்கம்பி, எழுதியது அருமை, இத்தனை விவரம் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு சரியாகச் செய்த காரை ஓட்டுகிறவர்கள் பலர் 'எல்லாம் இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை' என்று ஏன் சொல்கிறார்கள்? இன்ஜினே லெஜண்ட் என்ற பெரிய செடான் காரின் வி6 வழியில் வந்ததுதானே?

வெள்ளிக்கம்பி

கேட்டது நல்லதுதான், தவறாக எடுக்கவில்லை. ஆனால் அந்த 'உயிர்' என்ற சொல் எனக்கு நெடுநாள் வருத்தம்.

லெஜண்ட் வழி என்பது தொடக்கத்துக்கு மட்டும் உண்மை. முதலில் விடெக் (இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப வால்வு திறக்கும் அளவை மாற்றும் ஹோண்டாவின் ஏற்பாடு) இல்லாமல்தான் திட்டமிட்டார்கள். அப்போது ஹோண்டாவின் தலைவராக இருந்த ததாஷி குமே, சின்ன இன்டெக்ராவில் விடெக் வைத்திருக்கிறோம், நம் மிக உயர்ந்த காரில் ஏன் இல்லை என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்து வேலை. சிலிண்டர் வரிசை ஒன்றுக்கு வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு, விடெக், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் டைட்டானியம் கனெக்டிங் ராட். வரிசை உற்பத்திக் காரில் டைட்டானியம் ராட் அதுதான் முதல் முறை. ராட் இலேசானால் மேலும் கீழும் ஓடும் எடை குறைகிறது, அதே பலத்தோடு 8,000 சுற்றுக்குப் போக முடிகிறது. 5,800 ஆர்பிஎம் அளவில் கேமின் உயரமான முனை வேலைக்கு வந்ததும் குரலே மாறும். செடான் இன்ஜின் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

'உயிர்' என்று பலர் சொல்வது, கார் ஓட்டுநரை மிரட்டுவதை. ஆரம்பகால 348-கள் எல்லைக்கு வந்தால் பின்பக்கம் சட்டென்று சுழன்றுவிடும் என்று பெயர் எடுத்தவை, பின்னால் சஸ்பென்ஷன் அமைப்பைத் திருத்தினார்கள். அந்த பயத்தில் நெஞ்சு படபடப்பதை உயிர் என்கிறோம். என்எஸ்எக்ஸில் எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டைப் பார்த்து ஓட்டுநரை முன்னால் தள்ளி உட்கார வைத்தார்கள், 300 பாகைக்கும் மேல் கண்ணுக்குத் தெரியும். கார் எங்கே முடிகிறது, டயர் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் தைரியமாக இன்னும் வேகமாகப் போகலாம். கை கால் அசைவுக்கு உடனே பதில் சொல்கிற கார் அது. எனக்கு உயிர் என்றால் அதுதான்.

கார்டன் மர்ரேயை இதில் சாட்சிக்கு அழைக்கிறேன். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்தவர். அந்தக் காரை உருவாக்கும்போது ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி எல்லாம் ஓட்டிப் பார்த்தவர், என்எஸ்எக்ஸை ஓட்டிய பிறகு அதையே அளவுகோலாக வைத்தார். தானே ஒன்றை வாங்கி வருடக்கணக்கில் ஓட்டினார். ஓட்டும் சுகத்தில் இதைத்தான் எட்ட வேண்டும் என்று அவர் குறித்துக்கொண்டது ஒரு ஜப்பானியக் காரை.

ஸ்காபரோ வாசி

நான் டொராண்டோவில் இருக்கிறன். 1995 என்எஸ்எக்ஸ் ஒன்று ஒன்பது வருசம் என்னிடம் நின்றது. வெள்ளிக்கம்பி சொல்வது சரி, ஆனால் குறை இல்லாத கார் என்று நினைத்துப் போக வேண்டாம்.

பின் டயர் கெதியாகத் தேயும். ஆரம்ப வருசங்களில் பின் சக்கரங்களின் கோணத்தை அப்படி வைத்தார்கள், வளைவில் நிதானமாக நிற்க வேண்டும் என்று. விலையாக டயரைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை புது டயர் போட்டுக்கொண்டு ஒரு பட்டறையில் சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் செய்யக் கொடுத்தன். சாதாரணக் காருக்குச் செய்வது போலச் செய்துவிட்டார்கள். ஒரு கோடைக்குள் உட்பக்கம் கம்பி தெரிந்தது. வெளியில் நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருந்தது. குனிந்து உள்பக்கம் கை விட்டபோதுதான் விரலில் கம்பி குத்தியது. மச்சான் எந்தக் காரை வாங்கினாலும் டயரின் உட்பக்கத்தைக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ.

1991 காரில் ஸ்டீயரிங்குக்கு பவர் கிடையாது, கையால் கியர் போடும் மாடலில். பார்க்கிங்கில் கை வலிக்கும். 30 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் அதைப் போன்ற சுகம் வேறு இல்லை. ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம்கூட உள்ளங்கையில் தெரியும். 348-இலும் அப்படித்தான், அந்த விசயத்தில் இரண்டும் சகோதரம்.

அந்தக் காரில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். ஏசி போட்டால் குளிரும், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள டிக்கியில் பூசைச் சாமான் பை வைக்கலாம். டிக்கி கொஞ்சம் சூடாகும், பூ வாடிவிடும், அதனால் பூவை அம்மா மடியிலேயே வைத்திருப்பா.

நாலாவது கியர்

இந்த ஒரு காட்சியே போதும் என் கட்சிக்கு!

பாயும் குதிரை

போதாது. நான் ஒப்புக்கொள்வதை ஒப்புக்கொண்டு, மீதியைச் சொல்கிறேன்.

348-இல் குறை இருந்தது. 1991-இல் ஃபெராரியின் தலைவரான லூகா டி மொன்டெஸெமோலோவே, தான் வாங்கி ஓட்டிய 348 ஏமாற்றம் தந்தது என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். 1994-இல் எஃப்355 வருகிறது. 3.5 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு 5 வால்வு, டைட்டானியம் கனெக்டிங் ராட், 8,250 ஆர்பிஎம்மில் 380 குதிரைத்திறன். காரின் அடிவயிற்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சீராக்கினார்கள். பவர் ஸ்டீயரிங் வந்தது. 1999-இல் 360 மொடேனா, உடம்பு முழுக்க அலுமினியம். பெல்ட் மாற்ற சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி, இன்ஜினை இறக்க வேண்டாம். 2004-இல் எஃப்430, பெல்ட்டே போய் செயின். பட்டறைக்காரர் அண்ணன் சொன்ன தலைவலி அத்தனையும் 15 வருடத்தில் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது.

அதே 15 வருடம் ஹோண்டா என்ன செய்தது? 1997-இல் இன்ஜினை 3.2 லிட்டராக்கி, ஆறு கியர் கொடுத்து, 290 குதிரைத்திறனுக்கு ஏற்றியது. 2002-இல் எழும்பும் விளக்குகளை எடுத்துவிட்டு நிலையான விளக்கு வைத்தது. 2005-இல் நிறுத்தியது. ஒரு மகத்தான காரைச் செய்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஃபெராரி தோற்றதாக நீங்கள் எல்லாரும் எழுதுகிறீர்கள். தோற்ற இடத்திலிருந்து எழுந்து ஓடியதும் ஃபெராரிதான்.

வெள்ளிக்கம்பி

இது எனக்கு வலிக்கிற இடம், ஏனென்றால் பெரும்பாலும் உண்மை.

ஒரு பகுதிக் காரணம் மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன, உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று. 2004 வரை அது நீடித்தது. பலத்தைக் கூட்ட முடியாதவர்கள் எடையைக் குறைத்தார்கள். 1992-இன் என்எஸ்எக்ஸ்-ஆர் அப்படி வந்ததுதான். ஏசி, ஆடியோ, ஒலித்தடுப்பு எல்லாவற்றையும் எடுத்து, சீட்டை மாற்றி, 120 கிலோ அளவுக்குக் குறைத்தார்கள். ஏற்கெனவே அலுமினியமான ஒரு காரில் 120 கிலோ!

ஆனால் அடுத்த தலைமுறைக்கு 2016 வரை காத்திருக்க வைத்தது சரியில்லை. வந்ததும் வேறு பிறவி. இரண்டு டர்போ, மூன்று மின் மோட்டார், அமெரிக்காவில் ஒஹாயோவில் செய்தார்கள். நல்ல கார், ஆனால் தகனெசாவாவில் அந்த 200 பேர் செய்ததின் தொடர்ச்சியாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் டைட்டானியம் ராட், அலுமினிய உடம்பு, எளிதான சர்வீஸ், எல்லாம் என்எஸ்எக்ஸில் 1990-இலேயே இருந்தவை. அந்தக் கார் வராமல் இருந்திருந்தால் ஃபெராரி இவ்வளவு அவசரமாக மாறியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பாயும் குதிரை

மாறியிருக்கும், மெதுவாக. அதை மறுக்க மாட்டேன்.

கொடிசியா பக்கம்

கோவையிலிருந்து ஒரு சின்ன இடைச்செருகல். அந்தப் புது என்எஸ்எக்ஸ் பெயரில் ஓடிய பந்தயக் காரில் நம்மூர் நரேன் கார்த்திகேயன் 2019-இல் ஜப்பானில் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரில் ஓட்டினார். அந்த நவம்பரில் ஃபுஜியில் சூப்பர் ஜிடியும் ஜெர்மனியின் டிடிஎம் பந்தயத் தொடரும் சேர்ந்து நடத்திய போட்டியில் இரண்டாவது பந்தயத்தில் ஜெயித்தார். வெளியே இருப்பது பழைய என்எஸ்எக்ஸ் இல்லைதான். இருந்தாலும் அந்தப் பெயரோடு ஒரு கோயம்புத்தூர்க்காரர் மேடையில் நின்றதை இந்த இழையில் எழுதாமல் போக மனசு வரவில்லை. சரி, பேச்சைத் தொடருங்கள்.

பட்டறைக்காரர்

தம்பி நாலாவது கியர், வாங்கப் போகிறவருக்குச் சில விஷயம்.

என்எஸ்எக்ஸ் என்றால் முதலில் அடிபட்ட வண்டியா என்று பார்க்க வேண்டும். அலுமினிய உடம்பை எல்லாப் பட்டறையிலும் நிமிர்த்த முடியாது. இழுத்து நிமிர்த்தினால் எஃகு மாதிரி வராது, வெடிப்பு விடும். அமெரிக்காவில் விற்ற வண்டியில் கதவு, பானெட், ஃபெண்டர் என்று பாகத்துக்குப் பாகம் வண்டி எண் போட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லாவிட்டால் அந்தப் பாகம் மாற்றியது அல்லது பெயின்ட் அடித்தது. ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்து கியர்பாக்ஸ் எண். 1991, 92 வண்டிகளில் ஒரு தொகுதிக்கு உள்ளே பாகங்களை இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்னாப் ரிங் என்ற வளையம் உட்காரும் பள்ளத்தில் பிழை உண்டு. ரிங் உடைந்தால் பெட்டியே வீணாகும். அந்த எண் வரிசையில் வருகிறதா, வந்தால் சரிசெய்த ரசீது இருக்கிறதா என்று பார்க்கவும். ஏசி கண்ட்ரோல் யூனிட்டில் பழைய கெப்பாசிட்டர் கசிந்திருக்கும், அது சின்ன வேலை.

348 என்றால் ரசீதுகள்தான் வண்டி. கடைசியாக இன்ஜின் இறக்கியது எப்போது, அப்போது டென்ஷனர் பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றினார்களா, எழுத்தில் வேண்டும். வாயால் சொன்னால் நம்பக் கூடாது. ஆல்டர்னேட்டர், வயரிங், ஃபியூஸ் போர்டு பார்க்கவும். குளிர்ந்த வண்டியைத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். போகும்முன் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் சொல்லாமல் போகவும்.

நாலாவது கியர்

அண்ணே, இதை அப்படியே மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். வார இறுதியில் இரண்டையும் பார்க்கப் போகிறான். திங்கள்கிழமை எழுதுகிறேன்.

நாலாவது கியர்

பார்த்தாகிவிட்டது.

முதலில் என்எஸ்எக்ஸ். மச்சான் டார்ச் அடித்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்திருக்கிறான். வலது முன் ஃபெண்டரில் ஸ்டிக்கர் இல்லை. விற்கிறவரிடம் கேட்டால், தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றாராம். உள்ளே தாங்கு சட்டத்தின் ஓரத்தில் வெல்டிங் மற்ற பக்கம் போல இல்லை, மணி மணியாகத் தடித்திருந்தது. படம் அனுப்பினான், வெள்ளிக்கம்பிக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் போனில் சொன்னது: 'உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் பத்து வருஷமாக ஓட்டின கார் மாதிரி ஆகிவிட்டது.'

348-ஐ விடியற்காலை ஆறு மணிக்குப் பார்க்கப் போனான். இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தானாம், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்யும்போது போனை இன்ஜின் பக்கம் பிடித்தான். எனக்கு இங்கே சாயங்காலம், சமையலறையில் நின்று கேட்டேன். என் மனைவி குக்கரை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டாவது கியர் விழவில்லை. பத்து நிமிடம் கழித்து விழுந்தது. அந்த 'டக்' எனக்கும் கேட்டது. பாயும் குதிரை, நீங்கள் எழுதியதை அப்போதுதான் நான் நிஜமாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ரசீதுகள் இருக்கின்றன, கடைசியாக இன்ஜின் இறக்கி ஐந்து வருடம் ஆகிறது.

வெள்ளிக்கம்பி

படம் பார்த்தேன். அந்த வெல்டிங் ஆலையில் செய்ததாக எனக்குத் தெரியவில்லை, பின்னால் யாரோ கையால் போட்டது. அந்தக் காரை விடச் சொல்லுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பாயும் குதிரை

348-க்கு பெல்ட் வேலைக்கான தொகையைக் கழித்து விலை பேசச் சொல்லுங்கள். ஐந்து வருடம் என்றால் வாங்கிய அன்றே பட்டறைக்குத்தான் போக வேண்டும், வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. என் ஆசைக்காக உங்கள் மச்சான் இன்ஜினை இழக்க வேண்டாம்.

நாலாவது கியர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த என்எஸ்எக்ஸை விட்டுவிட்டான். 348-க்கு விலை பேசினான், கொடுப்பவர் இறங்கவில்லை. நேற்று சாக்ரமென்டோ பக்கம் ஒரு 1992 என்எஸ்எக்ஸ், கறுப்பு. எல்லா ஸ்டிக்கரும் இருக்கிறது, கியர்பாக்ஸ் எண் பிழை வரிசைக்கு வெளியே. டயரின் உட்பக்கமும் கை விட்டுப் பார்த்துவிட்டான். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பெல்ட் மாற்றி நான்கு வருடம் ஆகிறது, ரசீது கையில் இருக்கிறது. 348-இன் குரலை ரெக்கார்டு செய்து போனில் வைத்திருக்கிறான், இன்னும் அழிக்கவில்லை.

பட்டறைக்காரர்

நல்லது தம்பி. அந்த ரசீதில் வாட்டர் பம்ப் மாற்றியதாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.